ஐந்தாம் மாடியில் தரைத்தளம்

என் தொழிலில் ‘நான்’ என்று சொன்னால் அது நான் இல்லை.

போனில் மொழிபெயர்க்கிற வேலை. ஒரு பக்கம் டாக்டரோ, பள்ளிக்கூடத்து டீச்சரோ, மின்சார ஆபீஸ்காரரோ ஊர்மொழியில், அதாவது நான் குடியேறிய இந்த ஊரின் மொழியில், பேசுவார். மறுபக்கம் தமிழ் மட்டும் தெரிந்த ஒருவர் இருப்பார். நடுவில் நான். அவர் ‘எனக்கு வயிறு வலிக்குது’ என்றால் நானும் ‘எனக்கு வயிறு வலிக்கிறது’ என்றுதான் ஊர்மொழியில் சொல்லவேண்டும். ‘அவருக்கு வலிக்கிறதாம்’ என்று சொன்னால் மார்க் குறையும். அப்படிச் சொன்னால் நடுவில் ஒரு ஆள் இருப்பது தெரிந்துவிடுமாம். நடுவில் ஆள் இருப்பது தெரியக்கூடாது என்பதற்காகத்தான் எனக்குச் சம்பளம்.

இதில் நான் பட்ட பாடு கொஞ்சநஞ்சமில்லை. காலையில் நிறைமாத கர்ப்பிணியாக இருப்பேன், மத்தியானம் புருஷனை விவாகரத்து செய்வேன், சாயங்காலம் பரீட்சையில் காப்பி அடித்து மாட்டிக்கொண்ட பையனாகி ஹெட்மாஸ்டரிடம் மன்னிப்புக் கேட்பேன். ஒரு பெண் டாக்டர் என் மாதவிலக்கைப் பற்றி விசாரித்தபோது, அறுபதைத் தாண்டிய நான் கூச்சப்படாமல் தேதி சொன்னேன். என் மனைவி இருந்தவரை இதெல்லாம் வீட்டில் பெரிய வேடிக்கை. நான் ஹெட்போனைக் கழற்றிவிட்டு அறையைவிட்டு வெளியே வந்தால், “என்ன, சுகப்பிரசவம்தானே?” என்பாள். “உடம்பை அலட்டிக்காதீங்க, பச்சை உடம்பு” என்று காப்பியைக் கையில் கொடுப்பாள். நான் ஏதாவது முறைத்துக்கொண்டு பதில் சொல்வேன். இப்போது அறையைவிட்டு வெளியே வந்தால் ஃப்ரிட்ஜ் மட்டும்தான் சத்தம் போடுகிறது.

வேலை பார்ப்பது படுக்கையறையில். எதிரொலி வராமல் இருக்க அலமாரிக் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு பேசுவேன். துணி சத்தத்தை உறிஞ்சிக்கொள்ளும். அவளுடைய துணிகளை யாருக்கும் எடுத்துக்கொடுக்காமல் வைத்திருப்பதற்கு இதுதான் காரணம் என்று மகனிடம் சொல்லியிருக்கிறேன். அவன் நம்பினானா என்று தெரியவில்லை, மேற்கொண்டு கேட்கவுமில்லை.

மகன் வேறு ஊரில் இருக்கிறான். மருமகளின் தாய்மொழி வேறு. அவர்கள் வீட்டில் ஊர்மொழிதான். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கூப்பிடுவான். “சாப்பிட்டீங்களாப்பா? மாத்திரை போட்டீங்களா? சரிப்பா, வெச்சுடறேன்.” அவனுடைய தமிழ் தேய்ந்து தேய்ந்து இந்த மூன்று வாக்கியத்தில் வந்து நிற்கிறது. குறை சொல்லவில்லை. மூன்றையும் ஒழுங்காகச் சொல்கிறான். நடுவில் நான் ஏதாவது நீட்டிப் பேசினால் ‘ம்’ கொட்டுவான். எந்த ‘ம்’ புரிந்த ‘ம்’, எது புரியாத ‘ம்’ என்று கண்டுபிடிக்க முடியாதவனா நான். அதனால் நீட்டுவதில்லை.

ஆக, வாய் நிறையத் தமிழ் பேச எனக்கு மிச்சமிருப்பது இந்த போன் லைன் ஒன்றுதான். அதிலும் பேசுவது என் பேச்சு இல்லை.

எங்கள் மேற்பார்வையாளருக்கு நான் வைத்த பெயர் காதம்மா. பதிவான அழைப்புகளை எல்லாம் கேட்டு மார்க் போடுவது அவர் பொறுப்பு. அவருக்குத் தமிழ் தெரியாது. தமிழ்ப் பகுதியைக் கேட்டுச் சொல்ல எங்கேயோ இன்னொரு தமிழன் இருக்கிறான், அந்தப் புண்ணியவானை நான் பார்த்ததில்லை. விதிகள் கறார். காதில் விழுவதை எல்லாம் மொழிபெயர்க்கவேண்டும், தன்னைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லக்கூடாது, ஆறுதல் சொல்லக்கூடாது, அழைப்பில் கேட்டதை அழைப்போடு மறந்துவிடவேண்டும். ஒரு முறை, குழந்தையை ஆபரேஷனுக்குக் கொடுத்துவிட்டு அழுத ஒரு தாயிடம், “தைரியமா இருங்கம்மா, ஒண்ணும் ஆகாது” என்று என்னை அறியாமல் சொல்லிவிட்டேன். மறுநாள் காதம்மா கூப்பிட்டார்.

“நீங்க டாக்டரா?”

“இல்லைங்க.”

“அப்ப ஒண்ணும் ஆகாதுன்னு சொன்னது யாரு?”

இன்னொரு தடவை இப்படி நடந்தால் லைனை எடுத்துவிடுவோம் என்றார். சம்பளம் போவதைப் பற்றி நான் நினைக்கவில்லை. லைன் போனால் தமிழும் போய்விடும் என்றுதான் பயந்தேன். அந்த ராத்திரி தூக்கம் வரவில்லை.

நான் இருக்கும் கட்டிடத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். வீட்டுக்கு ஒரு மொழி. வெளியே எல்லாரும் ஊர்மொழி பேசுவோம். வாசலில் செருப்போடு அதையும் கழற்றிவிட்டு உள்ளே போய்விடுவோம். கதவு மூடினபிறகு கேட்பதுதான் அசல். பக்கத்து வீட்டில் கொஞ்சுவதெல்லாம் ஊர்மொழி, திட்டுவது மட்டும் வேறு ஏதோ மொழி. மேல் வீட்டில் ஒரு அப்பா பிள்ளைக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொடுப்பார். ஒரு வார்த்தை புரியாவிட்டாலும் எந்த இடத்தில் பிள்ளைக்குத் தலையில் குட்டு விழும் என்று எனக்குத் தெரியும்.

எல்லாருக்கும் பொதுவானது லிஃப்ட். அதில் ஒரு பெண்குரல் ஊர்மொழியில் மாடியை அறிவிக்கும். என்ன கோளாறோ, எந்த மாடியில் நின்றாலும் ‘தரைத்தளம்’ என்றுதான் சொல்லும். மெக்கானிக் இரண்டு தடவை வந்து கழற்றி மாட்டினான். அதற்கப்புறம் இன்னும் தெளிவாகத் ‘தரைத்தளம்’ என்றது. ஊரில் இத்தனை லிஃப்ட் இருக்கின்றன, இப்படிச் சாதிக்கிற லிஃப்ட் இது ஒன்றாகத்தான் இருக்கும்.

அந்தச் சமயத்தில்தான் கணக்கெடுப்பு ஆரம்பித்தது. நாடு முழுக்க எந்தெந்த வீட்டில் என்னென்ன மொழி பேசுகிறார்கள் என்று வீடு வீடாகப் போய்க் கேட்பது. ஊர்மொழி சரியாக வராதவர்கள் வீட்டில், கேட்க வந்தவர் எங்கள் லைனைக் கூப்பிடுவார். எனக்கு மூச்சுவிட நேரமில்லை.

ஒரு வீட்டில் கணவர், “எங்க வீட்டுல ஊர்மொழிதான், வேற எதுவும் கிடையாது” என்றார், தமிழில். பின்னாலிருந்து மனைவி, “நேத்து எங்கம்மாவைத் திட்டினது எந்த மொழியில?” என்றாள். காதில் விழுந்ததை விடக்கூடாதே. கணவராக ஒரு வாக்கியம், மனைவியாக ஒரு வாக்கியம் என்று நான் ஒருவனே என்னோடு சண்டை போட்டேன். சண்டை முற்றி அவள் அவரை விட்டுவிட்டுப் போகிறேன் என்ற இடத்தில் எனக்கே தொண்டை கட்டிவிட்டது.

இன்னொரு வீட்டில் கணவர் தமிழ் பேசுவாராம், மனைவி அவள் மொழியில் பதில் சொல்வாளாம். “அப்ப ஒருத்தர் பேசறது ஒருத்தருக்கு எப்படிப் புரியுது?” என்று கேள்வி. “புரியாததுனாலதான் இத்தனை வருஷம் ஓடியிருக்கு” என்றார் அவர். வேறொருவர், “பிள்ளைங்க தமிழ்ல கூப்பிட்டா திரும்பாது. நாய் ஒண்ணுதான் தமிழுக்கு வரும்” என்றார். நாயைச் சேர்க்கலாமா என்று கேட்க வந்தவர் யோசித்தது எனக்கு போனில் கேட்டது.

எத்தனை வீடுகள். சிரிப்பும் வரும், பொறாமையும் வரும். சண்டை போடவாவது ஒரு ஆள் இருக்கிறதே என்று தோன்றும்.

ஒரு நாள் என் வீட்டு மணியே அடித்தது. கழுத்தில் அடையாள அட்டை, கையில் டேப்லட், தோளில் கனமான பையோடு ஒரு சின்னப் பெண் நின்றாள். கணக்கெடுப்பாம். எங்கள் தெரு அவள் பொறுப்பு. தண்ணீர் கொடுத்தேன், ஒரே மூச்சில் குடித்தாள். ஒவ்வொரு கேள்விக்கு முன்னாலும் தொண்டையைச் செருமிக்கொண்டு “அடுத்தது” என்பாள். நாங்கள் பேசியது ஊர்மொழியில்.

“அடுத்தது. வீட்டுல எத்தனை பேர்?”

“நான் ஒருத்தன்தான்.”

“அடுத்தது. வீட்டுல பேசற மொழி?”

“தமிழ்.”

“யாரோட?”

இந்தக் கேள்வியை நான் எத்தனையோ பேரிடம் கேட்டிருக்கிறேன். அதில் இப்படி ஒரு ஊசி இருப்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

“நாள் முழுக்கப் பேசறேன். என் வேலையே அதுதான். போன்ல.”

“வேலைக்காகப் பேசறது இதுல வராதுங்க.”

“மகன்கிட்ட பேசறேன்.”

“அவர் இங்கயா இருக்கார்?”

இல்லை என்று தலையாட்டினேன். அவள் விரலால் எதையோ அழுத்தினாள்.

“என்னம்மா போட்டே?”

“தனியா இருக்கறவங்களுக்கு ‘பொருந்தாது’ன்னு ஒரு கட்டம் இருக்குங்க.”

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. “பொருந்தாதா? பிறந்ததுலேர்ந்து பேசற மொழி எனக்கே பொருந்தாதா?”

“உங்களுக்கு இல்லைங்க” என்றாள் அவள், பயந்துபோய். “கேள்விக்குத்தான்.”

அவள் மேல் என்ன தப்பு. கோபத்தை மாற்றுவதற்காக, உன் வீட்டில் என்ன மொழி என்று கேட்டேன். அவள் கொஞ்சம் சிரித்தாள். “ஒரே ரூம்ல மூணு பேர் இருக்கோம். மூணு பேருக்கும் மூணு மொழி. பேசிக்கறது ஊர்மொழி. என்னை இதுவரைக்கும் யாரும் கேக்கல” என்று சொல்லிவிட்டு, பையைத் தூக்கிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனாள். அன்று முழுவதும் அந்தக் கட்டம் என் நெஞ்சிலேயே கிடந்தது.

மறுநாள் காலை லைன் மணி அடித்தது. என் எண்ணைச் சொன்னேன். எங்கள் வழக்கப்படி பெயர் கிடையாது, எண்தான். மறுமுனையில் தொண்டையைச் செருமுகிற சத்தம். “கணக்கெடுப்பு. தமிழ் வேணும். இவங்களுக்கு ஊர்மொழி கொஞ்சம்தான் வருது” என்றது அதே குரல். என் குரல் அவளுக்குத் தெரிந்ததோ இல்லையோ, காட்டிக்கொள்ளவில்லை. நானும் காட்டிக்கொள்ளவில்லை. அவள் போனை ஸ்பீக்கரில் போட்டு மேசைமேல் வைப்பது கேட்டது.

எதிரில் இருந்தது ஒரு பெண். ஐம்பது வயது இருக்கலாம். குரலில் கொஞ்சம் கரகரப்பு. ரொம்ப நாள் மூடிக்கிடந்த குழாயைத் திறந்தால் முதலில் திக்கித் திக்கி, பிறகு கொட்டுமே, அந்த மாதிரிப் பேசினாள்.

“நான் மட்டும்தாங்க இருக்கேன். சலவைக்கூடத்துல வேலை. ஆஸ்பத்திரித் துணி, ஓட்டல் துணி எல்லாம் வரும். அங்க மெஷின் போடற சத்தத்துல யாரும் எதுவும் பேசறதில்ல. எல்லாம் கைஜாடைதான். விடியறதுக்கு முன்னாடி போனா இருட்டினப்புறம் வருவேன். இன்னிக்கு லீவு.”

எல்லாவற்றையும் நான் ஊர்மொழியில் சொன்னேன். எனக்குச் சலவைக்கூடத்தில் வேலை. எனக்கு இன்று லீவு.

“அடுத்தது. வீட்டுல பேசற மொழி?”

“தமிழ்தான். வேற என்ன?”

“யாரோட?”

அந்தக் கேள்வியை இப்போது நான் அவளிடம் கேட்கவேண்டும். நாக்கு ஒரு கணம் மறுத்தது. விதி விதிதான். கேட்டேன்.

“யாரோடயா?” என்றாள். கொஞ்சம் யோசித்தாள். “வேலை முடிஞ்சு வந்து கதவைத் திறந்ததும் ‘வந்துட்டேன்’னு சொல்வேங்க.”

“யார்கிட்ட?”

“யார்கிட்டயும் இல்ல. சொல்லாம உள்ள போனா, அடுத்தவங்க வீட்டுல திருட்டுத்தனமா நுழையற மாதிரி இருக்கு. அதான்.”

ஊர்மொழியில் அதைச் சொன்னேன். கதவைத் திறந்ததும் நான் ‘வந்துவிட்டேன்’ என்று சொல்வேன். யாரிடமும் இல்லை. இத்தனை வருஷத்தில் எத்தனையோ பேருடைய ‘நான்’ என் வாய் வழியாகப் போயிருக்கிறது. இது ஒன்றுதான் போனபிறகும் என்னிடமே தங்கிவிட்டது.

“அப்புறம் அந்த லிஃப்ட்காரி ஒருத்தி இருக்கா” என்றாள் அவள், கொஞ்சம் வெட்கத்தோடு. “எந்த மாடியில நின்னாலும் தரைத்தளம்னு சொல்லுவா. அஞ்சாவது மாடிக்கு வந்துட்டேன், அப்பவும் அதேதான். அவளைத் திருத்துவேன். ‘இல்லடி, அஞ்சு’ன்னு. தினமும் சொல்றேன், கேக்கமாட்டேங்கறா.”

நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். ஹெட்போன் வயர் இழுபட்டு டம்ளர் உருண்டது. இரண்டாம் மாடியில் இருக்கிற என் தலைக்கு மேலே மூன்று மாடி தள்ளி அவள் உட்கார்ந்திருக்கிறாள். எத்தனை மாதமோ, எத்தனை வருஷமோ, ஒரே லிஃப்டில் ஏறி இறங்கியிருக்கிறோம், இருவரும் ஊமையாக.

“லைன்ல இருக்கீங்களா?” என்றாள் கணக்கெடுக்கும் பெண். நான் சமாளித்துக்கொண்டு சொன்னேன். லிஃப்டில் ஒருத்தி இருக்கிறாள், நான் அவளைத் திருத்துவேன்.

மறுமுனையில் டேப்லட்டை விரலால் தட்டுகிற சத்தம் கேட்டது. பொருந்தாது என்று போடப்போகிறாள் என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். தொண்டையைச் செருமினாள்.

“சரி. தமிழ்னே போட்டுக்கறேன்னு சொல்லுங்க. எவ்வளவு பேசறாங்கங்கற கட்டத்துல எப்போதும்னு போட்டுக்கறேன்.”

எனக்குக் கிடைக்காத தமிழ் அவளுக்குக் கிடைத்தது, அதுவும் என் வாயால். சந்தோஷமாகத்தான் இருந்தது. இல்லை என்றால் பொய்.

கேள்விகள் முடிந்தன. அப்போது சலவைக்கூடத்துப் பெண், “சார்” என்றாள். என்னைத்தான். “இவ்வளவு வாய் நிறையத் தமிழ் கேட்டு ரொம்ப நாளாச்சுங்க. நீங்க எந்த ஊரு?”

தமிழ் பேசுகிற யாரும் யாரையும் முதலில் கேட்கிற கேள்வி. என் மனைவி போனபிறகு என்னை யாரும் கேட்காத கேள்வி. பதில் நுனிநாக்கில் நின்றது. காதம்மாவின் முகமும் கூடவே வந்து நின்றது. காதில் விழுவதை எல்லாம் மொழிபெயர்க்கவேண்டும், தன்னைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லக்கூடாது. நான் ஊர்மொழிக்குத் திரும்பி, கணக்கெடுக்கும் பெண்ணிடம், “நீங்கள் எந்த ஊர்?” என்றேன்.

அவள் ஆச்சரியப்பட்டாள். “என்னையா கேக்கறாங்க?” என்றாள். பிறகு அவளுக்கும் ஒரு குழாய் திறந்துகொண்டது. பாவம், அவளை மட்டும் யார் கேட்டார்கள். வடக்கே ஒரு சின்ன ஊர், வீட்டுக்குப் பின்னாலேயே ஆறு, மழைக்காலத்தில் பள்ளிக்கூடத்துக்குப் படகில் போவோம், அம்மா இன்னும் அங்கேதான் இருக்கிறாள், தினமும் போனில் அழுகிறாள் என்று சொல்லிக்கொண்டே போனாள். நான் அதை அப்படியே தமிழில் சொன்னேன்.

“நான் வடக்கே ஒரு சின்ன ஊருங்க. வீட்டுக்குப் பின்னாலயே ஆறு. அம்மா இன்னும் அங்கதான் இருக்காங்க.”

ஒரு ஆம்பிளைக் குரல் தமிழில் இதைச் சொன்னால் யார்தான் என்ன நினைப்பார்கள். சலவைக்கூடத்துப் பெண், “அங்க தமிழ் ஆளுங்க இருக்காங்களா சார்?” என்றாள். நான் அதை அந்தப் பெண்ணிடம் கேட்டேன். “எங்க ஊர்லயா? ஒருத்தர்கூட இல்லையே” என்றாள் அவள், குழப்பத்தோடு.

“எங்க ஊர்ல ஒருத்தர்கூட இல்லைங்க” என்றேன் நான்.

“அப்ப அங்க நீங்க ஒருத்தர்தான் தமிழா? பாவம் சார் நீங்க.”

அதையும் மொழிபெயர்த்தேன். நீங்கள் பாவம் என்கிறார்கள் என்றுகூடச் சொல்ல வழியில்லை. “நீங்கள் பாவம்” என்றேன். கணக்கெடுக்கும் பெண் மூக்கை உறிஞ்சினாள். அந்தப் பரிதாபம் யாருக்கு வந்தது, யாருக்குப் போய்ச் சேர்ந்தது என்று நினைத்தால் எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. அதுவரை ஒழுங்காக இருந்துவிட்டுக் கடைசியில் கோட்டைவிட்டேன். ‘அழைப்பு நிறைவடைந்தது, நன்றி’ என்று முடிக்கவேண்டும். முடித்தேன். விரல் பொத்தானை அழுத்தப்போகும்போது வாய் தானாக, “வரேங்க” என்றது. லைன் கட்டாகிவிட்டது.

இரண்டு நாள் கழித்து காதம்மா கூப்பிட்டார். அந்தப் புண்ணியவான் போட்டுக்கொடுத்துவிட்டான்.

“கடைசியில ஒரு வார்த்தை அதிகமா இருக்காம். என்ன அது?”

“வருகிறேன்னு அர்த்தங்க.”

“எங்க வரீங்க?”

“எங்கயும் இல்லைங்க. கிளம்பும்போது அப்படித்தான் சொல்வோம்.”

“கிளம்பும்போது எதுக்கு வரேன்னு சொல்லணும்?”

போகிறேன் என்று சொன்னால் மனசுக்கு ஒருமாதிரி இருக்கும் என்பதை ஊர்மொழியில் எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. இவ்வளவுக்கும் நான் மொழிபெயர்ப்பாளன். காதம்மா பெருமூச்சுவிட்டார். “இதுதான் கடைசி” என்றார். “கேட்டதை அங்கயே விட்டுடுங்க. உங்க நல்லதுக்குச் சொல்றேன்.”

விட்டுவிடத்தான் பார்த்தேன். ஐந்தாம் மாடிக்கு ஏறி அந்தக் கதவைத் தட்ட எனக்கு உரிமையில்லை. அவள் கதவுக்குப் பின்னால் என்ன சொல்லிக்கொள்கிறாள் என்பது அரசாங்கத்துக்குச் சொன்ன விஷயம், எனக்குச் சொன்னதில்லை. ஆனால் சாயங்காலமானால் கால் நிற்கவில்லை. பாதி நிரம்பாத குப்பைப் பையை எடுத்துக்கொண்டு கீழே இறங்குவேன், ஏறுவேன். ஒருவன் தின்று எவ்வளவு குப்பை வரும். காவலாளி ஒரு நாள், “வீட்டுல விசேஷமா? குப்பை ஜாஸ்தியா இருக்கே” என்றான். ஆமாம் என்றேன்.

வீட்டுக்குள் வரும்போது ‘வந்துட்டேன்’ என்று சொல்லிப் பார்த்தேன், ஒரு தடவை. அலமாரியில் இருந்த துணிகள் அதையும் உறிஞ்சிக்கொண்டன. மறுபடி சொல்லவில்லை.

அப்படி ஒரு சாயங்காலம் குப்பை போட்டுவிட்டு லிஃப்டில் ஏறினேன். கதவு மூடும்போது ஒரு கை குறுக்கே வந்தது. நீலச் சீருடை, ஈரத்தில் ஊறி வெளுத்த விரல்கள், கூடவே சோப்பு வாசனை. ஐந்தை அழுத்தினாள். என்னைப் பார்த்து உடைந்த ஊர்மொழியில், “எத்தனை?” என்றாள். ஊர்மொழியிலேயே “இரண்டு” என்றேன். இருவரும் எல்லாரையும் போலக் கதவைப் பார்த்துக்கொண்டு நின்றோம். கொஞ்ச நேரத்தில் இவள் மேலே போய் என்ன சொல்வாள் என்று எனக்குத் தெரியும். தெரிந்திருப்பது வெட்கமாக இருந்தது. அழைப்பில் கேட்டதை அழைப்போடு மறந்துவிடவேண்டும். வாயை இறுக்கி மூடிக்கொண்டேன்.

லிஃப்ட் இரண்டாம் மாடியில் நின்றது. “தரைத்தளம்.”

“இல்லடி, ரெண்டு” என்றாள் அவள், உதடு அசையாமல். பழக்கத்தில் வந்துவிட்டது. சட்டென்று என்னைப் பார்த்தாள். இந்த ஆளுக்கு எங்கே புரியப்போகிறது என்று நினைத்திருப்பாள், தலையைக் குனிந்துகொண்டாள்.

நான் வெளியே வந்தேன். இது அழைப்பில் கேட்டதில்லை. என் காதுபட, என் எதிரில் அவள் சொன்னது. இனி எந்த விதி என்னைத் தடுக்கும். கேட்க எத்தனையோ இருந்தது. ஆனால் மனைவி போனபிறகு இந்த இரண்டு வருஷமாக அடுத்தவர் பேச்சையே பேசிய வாய், சொந்தமாக எதையும் எடுத்துக்கொடுக்கவில்லை.

“வரேங்க” என்றேன்.

அவள் நிமிர்வதற்குள் கதவு மூடிவிட்டது.

சாவியைக் கையில் வைத்துக்கொண்டு என் வாசலில் நின்றேன். லிஃப்ட் மேலே போகிற சத்தம் கேட்டது. நின்றது. அவ்வளவுதான் என்று நினைத்தேன். கதவைத் திறந்து ‘வந்துட்டேன்’ என்று சொல்லியிருப்பாள். நான் என் வீட்டுக்குள் போகவேண்டும், ஃப்ரிட்ஜைத் திறக்கவேண்டும், நேற்று வைத்ததைச் சுடவைக்கவேண்டும். சாவியைப் பூட்டில் போட்டேன், திருப்பவில்லை. லிஃப்ட் இறங்கி வந்தது. கீழே யாராவது கூப்பிட்டிருப்பார்கள். எத்தனை பேர் இருக்கிறோம் இந்தக் கட்டிடத்தில்.

என் மாடியில் நின்றது. “தரைத்தளம்.”

அவள்தான். கதவு மூடாமல் ஒரு கையால் பிடித்துக்கொண்டு, தோளில் பையோடு நின்றாள். வீட்டுக்குள் போகவே இல்லை.

“அன்னிக்கு போன்ல வரேங்கன்னீங்க, நான் வாயைத் திறக்கறதுக்குள்ள லைன் கட்டாயிடுச்சு. இன்னிக்குக் கதவு மூடிடுச்சு. போயிட்டு வாங்கன்னு சொல்ல விடவே மாட்டீங்களா?”

கண் கலங்கியது தெரிந்துவிடக்கூடாதே என்று பூட்டைப் பார்த்தேன்.

“அந்த ஆத்தோரத்து ஊர்க்காரர்தானே நீங்க?”

“அது நான் இல்லைங்க.”

“பின்ன நீங்க எந்த ஊரு?”

பழக்கதோஷம், இதை யாரிடம் சொல்லவேண்டும் என்று பக்கத்தில் திரும்பிப் பார்த்தேன். என் வீட்டுக் கதவும் அதில் தொங்கும் சாவியும் மட்டும் இருந்தன. கேட்கப்பட்டது நான்தான். ஊர் பேரைச் சொன்னேன். சொல்லும்போது குரல் உடைந்தது, மறைக்கவில்லை. எந்தத் தெரு என்று அவள் கேட்டாள், தெருவையும் சொன்னேன். லிஃப்ட் கதவு அவள் கையில் இடித்து இடித்துத் திறந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு தடவையும் ‘தரைத்தளம்’ என்றது. நாங்கள் இரண்டு பேரும் லிஃப்ட்காரியைத் திருத்தவில்லை.